செட்டிநாட்டுக் கொல்லைக்குச் சொட்டு நீர்: கடைக்குப் போவதற்கு முன்பிருந்து கடைசி மூடி வரை

சொட்டு நீர் சாமான்களை வாங்கி வந்து ஒரே நாளில் பொருத்திவிட்டு, மூன்றாம் மாதமே சுருட்டி மூலையில் போட்டுவிடும் வீடுகள் நம் பக்கம் நிறைய. அந்தக் கொல்லைகளைப் போய்ப் பார்த்தால், குற்றம் பெரும்பாலும் பொருளில் இருப்பதில்லை, வேலை நடந்த வரிசையில் இருக்கிறது. கடைக்கு முதலில் போயிருப்பார்கள். தண்ணீரைப் பற்றிக் கடைசியில் யோசித்திருப்பார்கள். டிரிப்பரை (செடியடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடும் சிறு முனையை) முதலில் குத்தியிருப்பார்கள். குழாயைக் கழுவியிருக்கவே மாட்டார்கள்.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் சுற்றுவட்டாரத்தில் பின்கட்டுக்கு அப்பால் கிடக்கும் கொல்லையை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நாற்பது, ஐம்பது காய்கறிச் செடிகள், நான்கைந்து தென்னை, இரண்டு எலுமிச்சை, கொஞ்சம் வாழை, ஒரு முருங்கை, மல்லிகைப் பந்தல் என்று வைத்துக்கொள்ளுங்கள். நுண்ணீர்ப் பாசனத்துக்கு அரசு தரும் மானியம் (சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம்) விவசாய நிலத்துக்கானது. வீட்டுக் கொல்லைக்கு அதை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம்.

1. முதலில் தண்ணீர்

நம் ஊர் போர்த் தண்ணீரில் இரண்டு தொல்லைகள் வரலாம். ஒன்று சுண்ணாம்புப் படிவு. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் உள்பக்கம் வெள்ளையாகப் பொருக்கு கட்டுகிறதா என்று பாருங்கள். கட்டினால் அதே பொருக்கு டிரிப்பரின் வாயிலும் கட்டும். இன்னொன்று இரும்பு. போரிலிருந்து நேராக ஒரு வெள்ளை வாளியில் தண்ணீர் பிடித்து இரவு முழுவதும் அசையாமல் வைத்திருங்கள். பிடிக்கும்போது கண்ணாடிபோல் இருந்த தண்ணீரின் அடியில் காலையில் துருநிறத்தில் படிந்திருந்தால் இரும்பு இருக்கிறது என்று பொருள்.

இரும்பு கரைந்திருக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது, ஃபில்டரிலும் சிக்காது. காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் படியும். மோட்டாரிலிருந்து நேராக டிரிப்புக்கு இணைப்புக் கொடுத்தால் அந்த மாற்றம் குழாய்க்குள்ளேயே நடந்து டிரிப்பரை அடைத்துவிடும். ஆகவே தண்ணீர் முதலில் ஒரு தொட்டியில் மேலிருந்து விழட்டும். விழும்போதே காற்றுக் கலந்துவிடும். ஓர் இரவு தெளியவிட்டு, மறுநாள் காலையில் எடுங்கள்.

உப்பின் அளவை டிடிஎஸ் மீட்டரில் பார்த்துவிடலாம். 450க்குள் இருந்தால் கவலை இல்லை. 2000ஐத் தாண்டினால் எலுமிச்சை, வெண்டை, மிளகாய் போன்றவை தாக்குப்பிடிக்கத் திணறும். அந்தத் தண்ணீருக்குத் தென்னையும் சப்போட்டாவும்தான் ஏற்றவை. முறையாகப் பரிசோதிக்க விரும்பினால் குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. நீர், மண் இரண்டையும் பற்றி அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முற்றத்து ஓட்டுச் சரிவிலிருந்து விழும் மழைநீரைப் பிடித்து வைக்கும் வழக்கம் உங்கள் வீட்டில் இன்னும் இருந்தால், அந்தத் தண்ணீரைத் தோட்டத் தொட்டிக்கும் திருப்பிவிடுங்கள். உப்பே இல்லாத தண்ணீர் அது. ஒரு பங்கு கலந்தாலே போர்த் தண்ணீரின் கடுமை அந்த அளவுக்குக் குறைந்துவிடும்.

2. உயரத்தை அளந்துவிடுங்கள்

டிரிப்பரின் மேல் 4 லிட்டர் என்று அச்சிட்டிருந்தால், ஒரு கிலோ அழுத்தத்தில் மணிக்கு 4 லிட்டர் வரும் என்பது கணக்கு. ஒரு கிலோ அழுத்தம் வேண்டுமானால் தண்ணீர் ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். நம் வீட்டுத் தொட்டிகள் பெரும்பாலும் 4 மீட்டரிலும் 6 மீட்டரிலும்தான் நிற்கின்றன.

4 மீட்டர் உயரத் தொட்டியில் 4 லிட்டர் டிரிப்பர் தருவது மணிக்கு இரண்டரை லிட்டர். 8 லிட்டர் டிரிப்பர் தருவது சுமார் 5 லிட்டர். இது தவறல்ல, கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும். பெட்டியின் மேல் இருக்கும் எண்ணை நம்பி நேரம் வைப்பவர்களின் செடிதான் வாடுகிறது.

அழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் ஒரே அளவு தண்ணீர் விடும் டிரிப்பர் என்று கடைக்காரர் விலை கூடிய ஒன்றை எடுத்துக் காட்டுவார். மோட்டார் அழுத்தத்துக்கு அது நல்ல பொருள். தாழ்வான தொட்டிக்கு வேண்டாம். அது ஒழுங்காக வேலை செய்யவே ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். 4 மீட்டர் உயரம் பெரும்பாலும் அதற்குப் போதாது.

அடுத்து, தொட்டியிலிருந்து வரும் குழாயை முழுவதும் திறந்து 10 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 30 நொடி என்றால் மணிக்கு 1200 லிட்டர். அதில் பாதியை மட்டும் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி வழியில் உராய்வுக்குப் போய்விடும். ஒரு நேரத்தில் திறக்கும் டிரிப்பர்கள் எல்லாம் சேர்ந்து அந்தப் பாதியைத் தாண்டக் கூடாது.

3. மண் எவ்வளவு அகலம் நனைகிறது?

ஒரு செடிக்கு எத்தனை டிரிப்பர் என்று கடைக்காரரிடம் கேட்காதீர்கள். மண்ணிடம் கேளுங்கள். இரண்டு லிட்டர் பாட்டிலின் அடியில் ஊசியால் ஒரு துளையிட்டு, காய்ந்த மண்ணின் மேல் நிறுத்துங்கள். மூடியைத் தளர்த்தியும் இறுக்கியும், ஒரு மணி நேரத்தில் காலியாகும்படி வையுங்கள். பிறகு நனைந்த இடத்தின் நடுவே மண்வெட்டியால் செங்குத்தாக ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள்.

செம்புறாங்கல் சரளை கலந்த மண்ணில் ஈரம் குறுகலாகக் கீழே இறங்கியிருக்கும். மேலே ஓர் உள்ளங்கை அளவு, உள்ளே ஓர் அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி அகலம். கண்மாய் வண்டல் அடித்து நிரப்பிய கொல்லையாக இருந்தால் ஈரம் பக்கவாட்டில் இரண்டடிக்கும் மேல் பரவியிருக்கும். ஒரே கொல்லையில் கிணற்றடிப் பக்கம் ஒரு மாதிரியும் மதில் ஓரம் வேறு மாதிரியும் இருப்பது உண்டு. ஆகவே இரண்டு மூன்று இடத்தில் பாருங்கள்.

சரளை மண் என்றால் டிரிப்பர்களை ஓர் அடிக்கு ஒன்றாக நெருக்கி வைத்து, குறைந்த நேரம், இரண்டு தடவையாக விட வேண்டும். ஒரேயடியாக இரண்டு மணி நேரம் விட்டால் தண்ணீர் வேரைத் தாண்டி இறங்கிவிடும். வண்டல் என்றால் இரண்டடிக்கு ஒன்று போதும்.

4. காகிதத்தில் கொல்லை

தொட்டி, கிணறு, மதில், நடைபாதை, ஒவ்வொரு மரம், ஒவ்வொரு பாத்தி என்று எல்லாவற்றையும் அடியால் அளந்து வரையுங்கள். செட்டிநாட்டு மனைகள் ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளமானவை. முகப்புப் பக்கம் நிற்கும் தொட்டியிலிருந்து கொல்லைக்கு வருவதற்குள் குழாய் வளவையும் (முதல் முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்) இரண்டாம் கட்டையும் மூன்றாம் கட்டையும் தாண்ட வேண்டியிருக்கும். இந்தத் தூரத்தைப் படத்தில் பார்த்தால்தான் குழாயின் பருமன் புரியும்.

எத்தனை தண்ணீர் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று இருக்கிறது. நம் பகுதிக் கோடையில், இலை விரிந்திருக்கும் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் நாளொன்றுக்கு 6 முதல் 7 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை மீட்டருக்கு அரை மீட்டர் விரிந்த கத்தரிச் செடி கால் சதுர மீட்டர். அதற்கு ஒன்றரை லிட்டரும் கொஞ்சமும் வேண்டும். இரண்டரை லிட்டர் விடும் ஒரு டிரிப்பர் இதை 40 நிமிடத்தில் கொடுத்துவிடும்.

எலுமிச்சையின் குடை இரண்டு மீட்டர் என்றால் பரப்பு மூன்று சதுர மீட்டருக்குச் சற்று மேல். மரத்துக்கு இலைப்பரப்பின் கணக்கில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கொடுத்தால் போதும். 13 லிட்டர் வருகிறது. மணிக்கு 5 லிட்டர் விடும் டிரிப்பர் நான்கு வைத்தால் இதுவும் 40 நிமிடத்தில் முடியும். கத்தரிக்கும் எலுமிச்சைக்கும் ஒரே நேரம் வந்துவிட்டதைக் கவனியுங்கள். இந்த வேலையின் சூட்சுமமே இதுதான்: நேரத்தைப் பொதுவாக வைத்து, டிரிப்பரின் எண்ணிக்கையைச் செடிக்குத் தகுந்தபடி மாற்றுவது. அப்போதுதான் ஒரு வால்வைத் திறந்து மூடுவதில் எல்லாச் செடிக்கும் கணக்கு நேராகும்.

வளர்ந்த தென்னை இதில் அடங்காது. கோடையில் அதற்கு நாளொன்றுக்கு 60 முதல் 100 லிட்டர் வரை வேண்டும். மணிக்கு 5 லிட்டர் விடும் டிரிப்பர் நான்கு வைத்தாலும் மூன்று முதல் ஐந்து மணி நேரம் ஆகும். ஆகவே தென்னைக்குத் தனி வால்வு. முருங்கைக்கு நேர்மாறு, வேர் பிடித்த முருங்கையைத் தினமும் நனைத்தால் இலையாகத் தள்ளும், காய் குறையும். அதை டிரிப்பிலேயே சேர்க்காதீர்கள் என்பதுதான் என் கட்சி.

இப்படிப் பிரித்தால் பெரும்பாலான கொல்லைகளுக்கு மூன்று வால்வு வரும்: காய்கறியும் சிறு மரங்களும் ஒன்று, வாழையும் மல்லிகையும் ஒன்று, தென்னை ஒன்று. கீரைப் பாத்திக்குத் தனித்தனி டிரிப்பர் குத்திச் சரிப்படாது. ஓர் அடிக்கு ஒன்றாக உள்ளேயே டிரிப்பர் பதித்து வரும் இன்லைன் குழாயை ஓடவிடலாம், அல்லது பூவாளியே போதும்.

5. இப்போது கடைக்கு

படம் கையில் இருந்தால் பட்டியல் தானாக வரும். தொட்டியிலிருந்து கொல்லைவரை 32 மில்லிமீட்டர் பிவிசி குழாய், அதற்கான எல்போ, டீ, பால் வால்வு, 120 மெஷ் ஸ்கிரீன் ஃபில்டர், 16 மில்லிமீட்டர் கறுப்பு லேட்டரல் குழாய், பிவிசியிலிருந்து லேட்டரலைப் பிரிக்கும் குரோமெட்டும் டேக் ஆஃபும், டிரிப்பர், லேட்டரலில் ஓட்டை போடும் பஞ்ச், லேட்டரலின் முனையை மூடும் எண்ட் கேப், தப்பான ஓட்டையை அடைக்கும் சிறு பிளக், நேர் ஜாயின்ட், டெஃப்லான் டேப்.

பணத்தை மிச்சம் பிடிக்க, தொட்டியிலிருந்தே 16 மில்லிமீட்டர் குழாயை இழுத்து வருவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. மணிக்கு இரண்டரை லிட்டர் விடும் 320 டிரிப்பர் போட்ட கொல்லைக்கு மணிக்கு 800 லிட்டர் வேண்டும். அவ்வளவு தண்ணீரை 16 மில்லிமீட்டர் குழாயில் 30 மீட்டர் தள்ளினால், 6 மீட்டருக்கும் அதிகமான உயரத்தின் அழுத்தத்தை உராய்வே தின்றுவிடும். உங்கள் தொட்டியின் உயரமே 4 மீட்டர்! அதே தண்ணீர் 32 மில்லிமீட்டர் குழாயில் போனால் இழப்பு கால் மீட்டர் அளவுதான். ஆக, பெரிய குழாய் கொல்லையின் நடுவரை வர வேண்டும். 16 அங்கிருந்துதான் பிரிய வேண்டும்.

டிரிப்பரில், திறந்து கழுவக்கூடிய வகையாகப் பார்த்து வாங்குங்கள். ஒட்டி மூடிய வகை கொஞ்சம் மலிவு. ஆனால் நம் தண்ணீருக்கு அது அடைத்தால் எறிய வேண்டியதுதான். டிரிப்பரும் எண்ட் கேப்பும் தேவைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்கிக்கொள்ளுங்கள்.

6. தொட்டி, வால்வு, ஃபில்டர், பெரிய குழாய்

தோட்டத்துக்குத் தனித் தொட்டி வையுங்கள். நம் மாதிரிக் கொல்லைக்குக் கோடையில் நாளொன்றுக்கு 500 லிட்டர் சுமாராக ஆகும்; ஆயிரம் லிட்டர் தொட்டி தாராளம். வீட்டுத் தொட்டியிலேயே இணைத்தால், கொல்லையில் ஒரு குழாய் பிடுங்கிக்கொண்ட அன்று குளிக்கவும் தண்ணீர் இருக்காது. தனித் தொட்டி என்றால் போவது அந்த ஆயிரம் லிட்டரோடு முடிந்தது. வெளிச்சம் புகாத கறுப்புத் தொட்டியாக இருக்கட்டும். வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும். பாசி ஃபில்டரை அடைக்கும்.

வெளியேறும் குழாயைத் தொட்டியின் அடியிலிருந்து நான்கு விரல் உயரத்தில் எடுங்கள். அடியில் தெளியும் துருவும் மண்ணும் அங்கேயே தங்கட்டும். அவற்றைக் கழுவிவிட அடியில் தனியாக ஒரு வால்வு வையுங்கள்.

வரிசை இப்படி இருக்க வேண்டும்: தொட்டி, முதல் வால்வு, ஃபில்டர், பிறகு ஒவ்வொரு பகுதிக்கும் பிரியும் வால்வுகள். ஃபில்டரின் உடம்பில் அம்புக்குறி இருக்கும். தண்ணீர் அந்தத் திசையில் போக வேண்டும். அதைத் தொட்டியின் உச்சியில் பொருத்தாதீர்கள். நின்றபடியே கையால் கழற்றும் உயரத்தில் வையுங்கள். ஏணி வைத்து ஏற வேண்டிய ஃபில்டரை இரண்டாவது வாரத்துக்குப் பிறகு யாரும் கழுவுவதில்லை.

பிவிசியை ஒட்டியபின் அன்றே தண்ணீர் விட வேண்டாம். ஓர் இரவு காயட்டும். வெயிலில் கிடந்தால் பிவிசி நொறுங்கும். ஆகவே ஓர் அடி ஆழத்தில் புதையுங்கள். சோதனை முடிவதற்கு முன் மண்ணைத் தள்ளிவிடாதீர்கள்.

7. கழுவுங்கள். டிரிப்பருக்கு முன்பே கழுவுங்கள்

குரோமெட்டுக்காகப் பிவிசியில் துளையிடும்போது ஒவ்வொரு துளையிலிருந்தும் வெள்ளைச் சீவல் உள்ளே விழும். ரம்பத்தால் அறுத்த இடத்துத் தூளும் உள்ளே இருக்கும். இவை எல்லாம் ஃபில்டரைத் தாண்டிய இடத்தில் கிடப்பவை. ஃபில்டர் இவற்றைப் பிடிக்காது. முதல் நாளிலேயே பாதி டிரிப்பர் அடைத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம். பழியை மட்டும் உப்புத் தண்ணீர் சுமக்கும்.

பெரிய குழாயின் கடைசி முனையைத் திறந்து வைத்துவிட்டு, முதல் வால்வை முழு வேகத்தில் திறங்கள். முனையின் கீழே ஒரு வெள்ளைத் துணியைப் பிடியுங்கள். சீவல் வருவது துணியில் தெரியும். துணியில் எதுவும் விழாத வரைக்கும் ஓடட்டும். பிறகு லேட்டரலை இணைத்து, அவற்றின் முனைகளையும் திறந்து வைத்து, ஒவ்வொன்றாக அதே மாதிரி கழுவுங்கள். எண்ட் கேப்பை அதற்குப் பிறகுதான் கையில் எடுக்க வேண்டும்.

8. லேட்டரலும் டிரிப்பரும்

லேட்டரல் சுருளை ஒரு மணி நேரம் வெயிலில் போடுங்கள். இளகிவிட்டால் சொன்னபடி கேட்கும். சுருளை உருட்டிக்கொண்டே பிரியுங்கள். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் முறுக்கு விழுந்து மடிந்துவிடும். மடிந்த இடத்தில் எப்போதும் தண்ணீர் குறையும்.

நூல் பிடித்ததுபோல் விறைப்பாக இழுத்துக் கட்டாதீர்கள். பகல் வெயிலில் குழாய் நீளும், இரவில் சுருங்கும். விறைப்பாக இருந்தால் சுருங்கும்போது இணைப்பிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். அங்கங்கே லேசான வளைவு இருக்கட்டும். இரண்டடி மூன்றடிக்கு ஒரு கம்பி வளையத்தை மண்ணில் குத்தி நிறுத்துங்கள்.

ஓட்டை போட பஞ்ச் மட்டும்தான். ஆணியைக் காய்ச்சிக் குத்தினால் ஓட்டையின் ஓரம் உருகிக் கோணலாகும், டிரிப்பர் இறுக்கமாக உட்காராது, கழுத்தில் ஒழுகும். பஞ்சைச் செங்குத்தாக வைத்து ஒரே அழுத்தில் குத்துங்கள். எதிர்ப்பக்கச் சுவரையும் துளைத்துவிட்டால் பிளக்கால் அடைத்துவிட்டு இரண்டு அங்குலம் தள்ளிக் குத்துங்கள்.

டிரிப்பர் மேல்நோக்கி இருக்கட்டும். குழாயின் அடியில் வண்டல் தங்கும். கீழ்நோக்கியிருந்தால் அந்த வண்டல் நேராக டிரிப்பருக்குள் போகும். வால்வை மூடும்போது குழாயில் உண்டாகும் வெற்றிடம் வெளிமண்ணையும் உள்ளே இழுக்கும். இன்லைன் குழாய்க்கும் இதே விதி.

எங்கே வைப்பது என்பதில் மரத்துக்கும் செடிக்கும் வேறுபாடு உண்டு. நாற்றுக்கு நான்கு விரல் தள்ளி வைக்கலாம். மரத்துக்குத் தண்டின் அடியில் வைப்பது வீண். தண்ணீர் குடிக்கும் வேர் அங்கே இல்லை, தண்டும் அழுகும். எலுமிச்சைக்குக் குடையின் விளிம்புக்கு நேர் கீழே, தென்னைக்குத் தண்டிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, சுற்றிலும் நான்கு. மரம் வளர வளர வட்டத்தை வெளியே தள்ளிக்கொண்டே போக வேண்டும்.

9. டம்ளர் சோதனை

எண்ட் கேப் போட்டு, தண்ணீரைத் திறந்து, காற்று வெளியேறப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு ஒரே அளவு டம்ளர் மூன்றை எடுத்து, ஒரு லேட்டரலின் முதல் டிரிப்பர், நடு டிரிப்பர், கடைசி டிரிப்பர் மூன்றின் கீழும் ஆறு நிமிடம் பிடியுங்கள். மணிக்கு இரண்டரை லிட்டர் என்றால் ஆறு நிமிடத்தில் கால் லிட்டர் வர வேண்டும்.

மூன்றிலும் ஏறத்தாழ ஒரே அளவு என்றால் வேலை முடிந்தது. கடைசி டம்ளர் மட்டும் குறைவாக இருந்தால் அந்த லேட்டரல் நீளம் அதிகம், அல்லது எங்கோ மடிந்திருக்கிறது. எல்லா லேட்டரலும் குறைந்தால் ஃபில்டரையோ பெரிய குழாயையோ பாருங்கள். ஒரே ஒரு டிரிப்பர் குறைந்தால் அதில் சீவல். தரை சரிவாக இருந்தால் பள்ளத்து டிரிப்பர் கூடுதலாக விடும்; லேட்டரலைச் சரிவுக்குக் குறுக்காகத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

இந்த அளவைக் குறித்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அடைப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள இந்த எண்தான் ஆதாரம். புதைகுழியை இப்போது மூடலாம்.

10. மூடாக்கும் நேரமும்

வைக்கோல், சருகு, நறுக்கிய தென்னை ஓலை என்று எது கிடைக்கிறதோ அதை மூன்று அங்குலம் கனத்துக்கு லேட்டரலின் மேல் பரப்புங்கள். ஆவியாவது குறையும், குழாயும் வெயிலுக்குத் தப்பும். மூடாக்கு இல்லாத டிரிப் நம் கோடையில் அரை வேலைதான்.

விடியற்காலையில் விடுங்கள். மத்தியானம் திறந்தால் கறுப்புக் குழாயில் கிடந்து காய்ந்த தண்ணீர்தான் முதலில் நாற்றின் வேருக்குப் போகும். சரளை மண்ணுக்கு 40 நிமிடத்தைக் காலையில் 20, சாயங்காலம் 20 என்று பிரியுங்கள்.

‘மேல்மண் காய்ந்து கிடக்கிறதே, தண்ணீர் விட்டீர்களா இல்லையா?’ என்று ஆச்சி கேட்பார். வாளியால் ஊற்றிப் பழகிய கண்ணுக்கு இது குறையாகத்தான் தெரியும். டிரிப்பருக்குப் பக்கத்தில் களைக்கொத்தால் அரை அடி தோண்டி, மண்ணை எடுத்து அவர் கையிலேயே கொடுங்கள். பிடித்தால் உருண்டையாக நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் தண்ணீர் அதிகம். உருண்டையே பிடிக்கவில்லை என்றால் பத்து நிமிடம் கூட்டுங்கள். நேரத்தைத் திருத்த இதைவிட நல்ல கருவி இல்லை.

மார்ச் முதல் ஜூன் வரை முழு நேரம். தை, மாசியில் பாதி போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நிறுத்திவிடலாம். ஆனாலும் வாரம் ஒரு முறை பத்து நிமிடம் ஓடவிடுங்கள், காய்ந்த டிரிப்பரில் எறும்பு புகும்.

பலருக்குத் தெரியாத ஒன்று இங்கே இருக்கிறது. உப்புத் தண்ணீரில் சொட்டு நீர் விட்டால், நனைந்த வட்டத்தின் ஓரத்தில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். மூடாக்கை விலக்கினால் வெள்ளை வளையமாகத் தெரியும். கோடையின் முடிவில் பெய்யும் முதல் சிறு தூறல் அந்த உப்பைக் கரைத்து வேரின் பக்கம் தள்ளிவிடும். மழை பெய்த மறுநாள் செடி கருகுவதன் மர்மம் இதுதான். ஆகவே முதல் சிறு மழையின்போது டிரிப்பை நிறுத்தாதீர்கள், திறந்தே வையுங்கள். உள்ளிருந்து தள்ளும் ஈரம் உப்பை வெளியிலேயே நிறுத்தும். நிலம் நன்றாக ஊறும் மழை பெய்தபின் மூடலாம்.

11. வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு

நம் ஊரில் பாதி வீடுகள் கல்யாணத்துக்கும் முன்னோருக்கு வைக்கும் படைப்புக்கும்தான் திறக்கின்றன. சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு கொல்லையைக் காப்பாற்ற நினைப்பவர்கள் முதலில் டைமர் வாங்குகிறார்கள். வாங்கும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: தொட்டித் தண்ணீரின் தாழ்ந்த அழுத்தத்தில் வேலை செய்யுமா? சாதாரண சோலினாய்டு (மின்காந்தத்தால் திறந்து மூடும்) வகை டைமருக்கு ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். அது இல்லாவிட்டால் சரியாகத் திறக்காது, அல்லது மூடாது. உள்ளே பால் வால்வு சுழலும் வகைக்கு அந்தத் தொல்லை இல்லை. பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் மின்வெட்டும் அதைப் பாதிக்காது.

டைமர் இருந்தாலும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் வாரம் ஒரு முறை கொல்லைக்குள் நடந்துவர வேண்டும். வால்வுகளுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணம் பூசி, ‘பச்சை: தென்னை, மூன்றரை மணி நேரம், தினமும்’ என்ற மாதிரி பின்கட்டுச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள். தொலைபேசியில் ‘இரண்டாவது வால்வு’ என்று சொன்னால் அவர் எந்தப் பக்கத்திலிருந்து எண்ணுகிறார் என்று உங்களுக்குத் தெரியாது.

12. பிறகு செய்ய வேண்டியவை

ஃபில்டரை வாரம் ஒரு முறை கழற்றி, வலையைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். செந்நிறச் சேறு கனமாக ஒட்டியிருந்தால் தொட்டியை அடியோடு கழுவும் நாள் வந்துவிட்டது. மாதம் ஒரு முறை எல்லா எண்ட் கேப்பையும் திறந்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை விடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு முறை டம்ளர் சோதனை. குறைந்த டிரிப்பரைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டால் சுண்ணாம்பு இளகிவிடும். குழாய் முழுவதும் ஆசிட் விடும் வழக்கம் பண்ணைகளில் உண்டு. பிள்ளைகள் விளையாடும் வீட்டுக் கொல்லையில் அது வேண்டாம்.

பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் இரண்டையும் டிரிப்பில் விடாதீர்கள். எத்தனை மடிப்புத் துணியில் வடிகட்டினாலும் வழவழப்பு உள்ளே தங்கி அடைக்கும். கையால் வேரடியில் ஊற்றுங்கள். நீரில் கரையும் 19:19:19 போன்ற உரம் விடலாம். ஆனால் அதனுடன் கால்சியம் நைட்ரேட்டைக் கலக்கக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் கரையாத வெள்ளைப் படிவு உண்டாகும். எந்த உரம் விட்டாலும் கடைசிப் பத்து நிமிடம் வெறும் தண்ணீர் ஓட வேண்டும்.

அணில்தான் கடைசிப் பிரச்சினை. ஏப்ரல், மே மாதத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் லேட்டரலைக் கொறிக்கும். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பல் தடம் பதிந்திருந்தால் அது அணில், அல்லது எலி. மதில் ஓரம் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். கடி கணிசமாகக் குறையும். அப்படியும் விடவில்லை என்றால் லேட்டரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் இறக்கி, மைக்ரோ டியூப் என்னும் மெல்லிய குழாயால் டிரிப்பரை மட்டும் மேலே கொண்டுவாருங்கள். கடிபட்ட இடத்தை டேப் சுற்றி ஒப்பேற்றாதீர்கள், இரண்டு நாளில் பிரிந்துவிடும். அந்த அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டு நேர் ஜாயின்ட் போடுங்கள். போட்டதும் அந்த லேட்டரலின் எண்ட் கேப்பைத் திறந்து ஒரு நிமிடம் தண்ணீர் விடுங்கள், வெட்டும்போது உள்ளே போன மண் வெளியேறட்டும்.